அன்னாசிச் சட்டை

பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று றலியா ஒரு நாளாவது சொல்லியிருந்தால் நல்லது. திட்டலாம், கெஞ்சலாம், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. காலை ஐந்தரைக்குத் தானாக எழும்பினாள், தொழுதாள், வெள்ளைச் சீருடையைப் போட்டாள், சப்பாத்தைத் துடைத்தாள். ஆறேகாலுக்கு வாசலில் வேன் ஹோர்ன் அடித்ததும் புத்தகப் பையோடு முற்றத்துக்குப் போய், கழிவுநீர்க் கானுக்குப் பக்கத்தில் குந்தி, வாந்தி எடுத்தாள். மூன்று கிழமையாக இதுதான் நடந்தது.

முதலில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பிறகு கண்டி டவுனில் ஒரு டொக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு கேஸ்ட்ரிக் என்றார். பள்ளிவாசல் ஹஸ்ரத் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். மருந்தையும் குடித்தாள், ஓதின தண்ணீரையும் குடித்தாள், மறுநாள் ஹோர்ன் அடித்ததும் இரண்டையும் சேர்த்து வாந்தி எடுத்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. மூன்று கிழமையில் அவளுடைய சீருடையின் இடுப்பை உம்மா ஹிதாயா இரண்டு தரம் பிடித்துத் தைத்துவிட்டாள். அளவு நாடா பொய் சொல்லாது. இப்படியே போனால் மூன்றாம் தரம் பிடிக்க அந்தக் கவுனில் துணி இருக்காது.

இதையெல்லாம் பார்த்து ஹிதாயா அழுதிருக்க வேண்டும். அழவில்லை. அவளுக்கு எதுவுமே வரவில்லை, அதுதான் உண்மை. ஒரு நாள் தேங்காய் துருவும்போது விரலையும் சேர்த்துத் துருவிவிட்டாள். தேங்காய்ப்பூ சிவந்த பிறகுதான் கவனித்தாள். கையைக் கழுவி, சீலைத் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு, வேறு தேங்காய் உடைத்தாள். எரிகிறதா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். எரிகிறதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

எல்லாம் 2018 மார்ச்சில், சிங்களக் கும்பல்கள் முஸ்லிம் கடைகளுக்கு மேல் இறங்கிய திங்கட்கிழமையோடு வந்தது. தெல்தெனிய டவுனில் அவர்களுக்கு ஒரு புடவைக் கடை இருந்தது. முன்னால் புருஷன் ஹபீல் துணி விற்றான், பின்னறையில் ஹிதாயா தைத்தாள். அன்றைக்கு டவுன் சரியில்லை என்று கேள்விப்பட்டதும் ஹபீல் கடையைப் பூட்டி, பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போய், பள்ளிக்கூடத்திலிருந்து மகளையும் ஏற்றிக்கொண்டு தங்கச்சி வீட்டில் போய் இருந்தான். பின்னேரம் கடை எரிந்தது. பிறகு ஊரடங்குச் சட்டம். பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசாங்கம் நிறுத்திவைத்தது. நாலைந்து நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது, ஹிதாயாவின் தையல் மெஷினில் இரும்பு மட்டும் மிச்சமிருந்தது.

"கடை எப்பிடி வாப்பா எரிஞ்ச?" என்று றலியா கேட்டாள்.

"ஒயர் ஷோட் மகள். பழைய கட்டடந்தானே, ஒயர் ஷோட்டாகிப் பத்தின" என்றான் ஹபீல்.

சுற்றிவர எத்தனையோ கடைகள் எரிந்திருக்க, இவருடைய கடை மட்டும் தனியாக ஒயர் ஷோட்டாகி எரிந்ததாம்! ஹிதாயாவுக்கே சிரிப்பு வந்திருக்கும், சிரிப்பு வருகிற இடம் மரத்துப்போகாமல் இருந்திருந்தால். ஆனாலும் புருஷன் சொன்னதுக்குத் தலையாட்டினாள். பிள்ளை பயப்படக் கூடாது, அவ்வளவுதான் இருவருக்கும். அதே நியாயத்தில்தான் றலியாவின் போனையும் ஹபீல் வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான். வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்ட அன்றே, குடும்ப குரூப்பில் எரிகிற கடையும் ஓடுகிற சனமுமாக வந்து விழுந்தது. ஹிதாயா ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துவிட்டுக் குரூப்பை விட்டே விலகினாள். விலகிவிட்டால் எல்லாம் போய்விடும் என்றுதான் நினைத்தாள்.

வேன் ஓட்டுகிற விமலசேனவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பது வயதுச் சிங்களவர், தெல்தெனியவிலிருந்து கண்டிக்கு ஏழு வருஷமாகப் பிள்ளைகளை ஏற்றுகிறார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் 'வேன் மாமா'. முதலில் ஏறுகிறவள் றலியா என்பதால் அவருக்குப் பக்கத்து முன் சீட் அவளுடையது. அதில் வேறு யாரையும் உட்கார விடமாட்டார். அவளுக்கு வருத்தம், வயிறு சரியில்லை என்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு காலையும் வந்து ஹோர்ன் அடிப்பார். அவள் வராவிட்டால் வாசல் படலையில் ஒரு தெம்பிலி இளநீரைக் கொழுவிவிட்டுப் போவார். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனுஷன் என்று ஹிதாயா அதை வெட்டி மகளுக்குக் கொடுப்பாள். றலியா வாயில் வைக்க மாட்டாள்.

நாலாவது வாரம், சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். கலவரத்துக்குப் பிறகு பிள்ளைகளும் போனும் என்று ஒரு கூட்டம். றலியாவைக் கூட்டிக்கொண்டு போகவும் ஏலாது, வீட்டில் தனியே விடவும் பயம். ஹபீல் நட்டஈட்டுக்காகக் கச்சேரி ஒபீசுக்கும் பொலிசுக்கும் அலைந்துகொண்டிருந்தான். ஹிதாயா தன் போனை மகளின் கையில் கொடுத்தாள்.

"ஏதும் சத்தம் கேட்டா உடனே வாப்பாக்கு கோல் எடுங்கோ. கதவத் தெறக்க வேணா."

வெளியே போகும்போதெல்லாம் அப்படிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் அவள் வழக்கம். பிள்ளையின் போனுக்கு அலுமாரி, பூட்டு, சாவி. உம்மாவின் போன் பிள்ளையின் கையில். எப்படி இருக்கிறது பாருங்கள்.

கூட்டத்தில் ஆளுக்கொரு பிளேன்டியும் ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பேச வந்தவர் மங்களேஸ்வரி என்ற உளவளத்துணையாளர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கண்டியிலேயே வளர்ந்தவர், ஹிதாயாவைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். போனைப் பறிக்காதீர்கள், கூட இருந்து பாருங்கள், என்ன பார்த்தாய் என்று கேளுங்கள் என்று சொன்னார். தலைகள் ஆடின. ஒரு தகப்பன் எழும்பி, எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைத்துவிடுகிற அப் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இவ்வளவு நேரமும் அந்த அம்மா சுவரோடா பேசினார்? ஆனால் ஹிதாயாவும் மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. அவள் அந்த நேரம் முன்னால் இருந்தவளின் அபாயாத் தையலில் எத்தனை கண் விட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகும் ஹிதாயா கதிரையை விட்டு எழும்பவில்லை. எழும்ப வேண்டும் என்று தோன்றவில்லை. மங்களேஸ்வரி காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "உங்களுக்கு ஏதும் கேக்கோணுமோ?" என்றார்.

"மகள் வேன் சத்தம் கேட்டா வாந்தி எடுக்கிய" என்றாள் ஹிதாயா. "கடை எரிஞ்சது அவளுக்குத் தெரியும். ஆக்கள் எரிச்ச எண்டு தெரியா. ஒயர் ஷோட் எண்டு சொல்லி ஈக்கி."

மங்களேஸ்வரி பையை மூடினார். பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்தில எனக்குப் பத்து வயசு. எங்கட வீட்டு யன்னலால புகை தெரிஞ்சது. ஆரோ குப்பை எரிக்கினம் எண்டு அம்மா சொன்னவா. ரெண்டு நாளும் குப்பைதான் எரிஞ்சதாம்" என்றார். "பாவம், நான் பயப்பிடக் கூடாதெண்டுதான் சொன்னவா. ஆனா அதுக்குப் பிறகு அம்மா என்ன சொன்னாலும் நான் நம்பேல்லை. இண்டைக்கும் அவ மருந்து குடிச்சிட்டன் எண்டு சொன்னா நான் போத்திலை எடுத்துப் பாக்கிறன்."

இதை அவர் மேடையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.

ஹிதாயா வீட்டுக்கு வந்தபோது றலியா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். போன் தலையணைக்குக் கீழே. ஹிதாயா அதை எடுத்தாள். கொதித்தது. காலையில் முழுசாக சார்ஜ் போட்டுக் கொடுத்தது, இப்போது நாலு வீதம்தான் மிச்சம்.

"என்னத்தப் பார்த்த மகள்?"

"கேம்."

அந்தப் போனில் கேம் ஒன்றும் இல்லை. ஹிதாயாவின் வாயில், 'பொய் சொல்ல யார் படிச்சுத் தந்த?' என்ற கேள்வி வந்து நின்றது. யார் படித்துக் கொடுத்தார்கள் என்பது அவளுக்கே தெரியும். ஆகவே கேட்கவில்லை. சார்ஜரைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் குத்தினாள். அபாயாவைக்கூடக் கழற்றாமல் மகளுக்குப் பக்கத்தில் படுத்தாள்.

"எனக்கும் காட்டுங்கோ. நானும் பாக்கிய."

"உங்களுக்கு ஏலா உம்மா."

"ஏலும். காட்டுங்கோ."

றலியா திரும்பி, போனை வாங்கி, படங்கள் சேர்கிற இடத்தைத் திறந்தாள். ஹிதாயா விலகிய குரூப்பில் வந்ததெல்லாம் அங்கே வரிசையாகக் கிடந்தது. கேட்காமலே எல்லாவற்றையும் போன் தனக்குள் இழுத்து வைத்திருக்கிறது. பிள்ளையின் கண்ணில் படக் கூடாது என்று ஒளித்த அத்தனையையும் தன் கையாலேயே பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, கதவைத் திறக்க வேணாம் என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்!

பத்தொன்பது விநாடி. எதிர்க் கட்டடத்து மாடியிலிருந்து யாரோ பிடித்த வீடியோ. அவர்களுடைய கடை, உடைந்த ஷட்டர், உள்ளேயிருந்து கறுப்புப் புகை. ஹெல்மெட் போட்ட ஆட்கள் கையைத் தூக்கிக் கத்துகிறார்கள். பின்னறை எந்தப் பக்கம், தன் மெஷின் எந்தப் பக்கம் என்று ஹிதாயா தேடிக்கொண்டிருந்தாள். பதினோராவது விநாடியில் றலியா விரலை வைத்து நிறுத்தினாள்.

"இந்தாள்."

இடது ஓரத்திலிருந்து ஒரு ஆள் கடையை நோக்கி ஓடி வருகிறான். புகையில் முகம் தெரியவில்லை. கையில் ஒரு வாளி. மஞ்சள் சட்டை.

ஹிதாயாவுக்கு அந்தச் சட்டையைத் தெரியாமல் இருக்குமா? போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அவள் தைத்தது. பெருநாளுக்கு வீட்டாருக்குத் துணி எடுக்கும்போது, வீட்டுக்கு உழைக்கிறவர்களுக்கும் ஒன்று எடுப்பது அவர்கள் வழக்கம். வேன் மாமாவுக்கு எது என்று கேட்டபோது, தலையணை உறைக்கென்று வந்த துணியில் ஒரு துண்டை றலியாதான் இழுத்து எடுத்தாள். மஞ்சள் நிறம், முழுக்கப் பெருவிரல் அளவில் அன்னாசிப் பழங்கள். "அவருக்கு அன்னாசி எண்டா உசிர்" என்றாள். உம்மாவும் மகளும் வயிறு நோகச் சிரித்துக்கொண்டே தைத்தார்கள். சிரித்த சிரிப்பில் ஹிதாயா சட்டைப் பையைத் தலைகீழாக வெட்டிவிட்டாள். சட்டை முழுக்க அன்னாசி நேராக நிற்க, பையில் மட்டும் தலைகீழாகத் தொங்கியது. அவர் அதைத் திங்கட்கிழமை தவறாமல் போட்டார். படம் மங்கல்தான். ஆனால் தைத்தவளுக்கு மங்கல் என்ன, தெளிவு என்ன.

"மிச்சத்தையும் பாருங்கோ" என்றாள் றலியா.

மிச்சத்தில் ஒன்றுமில்லை. அவர் வாளியைத் தூக்குகிறார். அந்த நேரம் பார்த்து வீடியோ பிடித்தவனின் கை ஆடுகிறது. வானம் தெரிகிறது. ஒரு மின்கம்பம் தெரிகிறது. முடிந்தது. வீடியோவின் கீழ் ஓரத்திலேயே யாரோ எழுத்துப் பதித்து விட்டிருந்தது, இவனுகளைத் தெரிஞ்சவங்க சொல்லுங்க, பொலிசுக்குக் குடுக்கணும் என்று.

"வாளியில என்ன உம்மா ஈந்த?" றலியா கேட்டாள். "தண்ணியா? பெற்றோலா?"

"நீங்க இத எத்தின தரம் பார்த்த?"

"தெரியா. வாளி பாரமா ஈக்கா எண்டு பாத்த. கைய எப்பிடிப் பிடிச்சீக்கார் எண்டு பாத்த. விளங்கல்ல."

"என்னத்துக்கு எங்களுக்குச் சொல்லல்ல?"

"சொன்னா வாப்பா பொலிசுக்குப் போவார். தண்ணி எண்டா மாமா பாவம். பெற்றோல் எண்டா..." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நான் அவருக்குப் பக்கத்துலதானே உம்மா இரிக்கிய."

வாந்திக்கு மருந்து தேடி எங்கெல்லாம் அலைந்தார்கள்! ஹிதாயா மகளின் முதுகில் கையை வைத்தாள். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தெரிந்தது. 'தண்ணிதான் மகள், வேற என்ன' என்ற பதில் நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் பிள்ளை ஒரு வேளையாவது சாப்பிடும். ஆனால் மங்களேஸ்வரி எடுத்துப் பார்க்கிற மருந்துப் போத்தல் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"எனக்குத் தெரியா மகள்" என்றாள். "ஒயர் ஷோட்டும் பொய். அது ஆக்கள் எரிச்சது. நாங்க பயத்துல உங்களுக்குப் பொய் சொன்ன. வாளியில என்ன எண்டு மட்டும் அல்லாஹ்மேல ஆணையா எனக்குத் தெரியா."

றலியா அப்போதுதான் அழுதாள். மூன்று கிழமை அழுகையை ஒரே மூச்சில் அழுதாள். அயல் வீட்டு ஆஸியா உம்மா மதிலுக்கு மேலால், "என்ன புள்ள, என்ன?" என்று கத்துகிற அளவுக்கு அழுதாள். ஹிதாயா அவளைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். தனக்கும் ஏதாவது வரும் என்று பார்த்தாள், வரவில்லை. முகட்டு ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அழுது முடிந்ததும் றலியா, "கேப்பமா?" என்றாள்.

"யாருக்கிட்ட?"

"மாமாக்கிட்ட."

கேட்டால் அந்த ஆள் என்ன செய்வார் என்று ஹிதாயாவுக்குத் தெரியாது. நல்ல பதில் வரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஹபீல் அறிந்தால் குதிப்பான். இதையெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டு, "கேப்பம். நானும் வார" என்றாள்.

திங்கட்கிழமை ஆறேகாலுக்கு ஹோர்ன் அடித்தது. றலியா கான் பக்கம் பார்த்தாள், வாயைக் கையால் பொத்தினாள், போகவில்லை. இருவரும் படலைக்குப் போனார்கள். வேன் காலியாக இருந்தது. பிள்ளையைக் கண்டதும் விமலசேனவின் முகமெல்லாம் பல்லாகியது. எட்டி முன்கதவைத் திறந்துவிட்டார்.

"மாமா, அந்த அன்னாசிச் சட்டை எங்கே?" என்று ஹிதாயா சிங்களத்தில் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த சிங்களம் கடைச் சிங்களம். விலையும் நிறமும் அளவும் பேசத்தான் வரும். ஆனாலும் அந்த மனுஷனுக்கு விளங்கியது. பல் மறைந்தது. வேனின் எஞ்சினை நிறுத்தினார்.

"இல்லை நோனா. குழி வெட்டிப் புதைத்துவிட்டேன். வீடியோவைப் பார்த்து ஆள் பிடிக்கிறார்கள்."

அதற்கு மேல் ஹிதாயாவுக்கு வார்த்தை வரவில்லை. றலியாவுக்கு வந்தது. அவளுடைய சிங்களம் வேனில், அந்த முன் சீட்டில் இருந்து, அவரிடமே படித்த சிங்களம்.

"வாளியில் என்ன இருந்தது மாமா?"

"தண்ணீர் மகளே."

உடனே சொன்னார். ஹிதாயா மகளின் தோள் இறங்குவதைப் பார்த்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். றலியா விடவில்லை.

"எத்தனை வாளி?"

விமலசேன ஸ்டீயரிங்கைப் பார்த்தார். மேற்கொண்டு பொய் சொல்ல அவருக்கு வழி இருந்தது. பத்து வாளி என்று சொல்லியிருந்தாலும் யார் கண்டது?

"ஒன்று" என்றார். "ஒன்றுதான் ஊற்றினேன். அவர்கள் பார்த்துவிட்டார்கள். நீ யாருடைய ஆள் என்று கழுத்தைப் பிடித்தார்கள். கையில் ஒரு கல்லைத் தந்தார்கள்." நிறுத்தினார். "எறிந்தேன் மகளே. உங்கள் கடை யன்னலுக்கு. கண்ணாடி உடைந்தது. அவர்கள் கைதட்டினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து கத்தினேன். பிறகு வீட்டுக்குப் போனேன்."

ஒரு பஸ் அவர்களைக் கடந்து தெல்தெனிய பக்கம் போனது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதைச் சொல்லத்தான் தினமும் வந்தேன். வாய் வரவில்லை. இளநீரை வைத்துவிட்டுப் போனேன்."

ஹிதாயாவுக்கு அவரைத் திட்ட வேண்டும் போலவும் இல்லை, தேற்ற வேண்டும் போலவும் இல்லை. மகளைப் பார்த்தாள். தண்ணீரா பெற்றோலா என்று இரண்டே இரண்டு பதிலை வைத்துக்கொண்டு காத்திருந்த பிள்ளை. இப்போது அந்த இரண்டும் இல்லை. ஹிதாயா மெதுவாக, "வீட்டுக்குப் போவமா மகள்?" என்றாள்.

றலியா திறந்திருந்த முன்கதவை இரண்டு கையாலும் தள்ளிச் சாத்தினாள். பக்கக் கதவை இழுத்துத் திறந்தாள். ஏறி, வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்த சீட்டுகளையெல்லாம் தாண்டிக் கடைசிச் சீட்டுக்குப் போய், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விமலசேன கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். வேன் புறப்பட்டது.

பின்னேரம் இரண்டரைக்குத்தான் அவள் திரும்பி வந்தாள். அதற்கு முன் ஹபீலிடம் ஹிதாயா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவன் குதித்தான்தான், பொலிஸ் என்றான், வேனை நிறுத்து என்றான். பிறகு கதிரையில் உட்கார்ந்து, "புள்ளைக்கு எல்லாம் தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்றாள். 

றலியா கை கழுவிவிட்டுச் சாப்பிட வந்து உட்கார்ந்தாள். ஹபீல் எழும்பி வந்து எதிரே இருந்தான். 

"மகள், அது ஒயர் இல்ல."

"தெரியும் வாப்பா" என்றாள் றலியா. பிறகு சோற்றுக் கோப்பையை உம்மாவின் பக்கம் தள்ளினாள். "இன்னம் கொஞ்சம் சோறு போடுங்கோ."

ஹிதாயா சோற்றை அள்ளினாள். சட்டியிலிருந்து ஆவி கையில் அடித்தது.   அன்றைக்குத் தேங்காய் துருவியில் பட்ட விரல் அப்போதுதான் எரிய ஆரம்பித்தது.